கமலநாதனின் மூக்கு

மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டதும் குமுதா உடனே மறுத்தாள்.

"ஐயோ, நான் வேணாம் அங்கிள். வேற யாரையாச்சும் பாருங்களேன்" என்றாள்.

"வேற யாரு இருக்கா? நீதானே படிச்ச பொண்ணு" என்றார் தம்புசாமி தொலைபேசியில். அவர் தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் கூடும் மளிகை வணிகர் சங்கத்தின் செயலாளர். "உங்க பாஸுக்குத்தான் இந்த வருஷம் ஸ்பைஸ் எக்ஸ்பர்ட் விருது. அதுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கிறதுன்னு கமிட்டியில ஒரே சண்டை. ஒருத்தன் நிபுணர்ங்கிறான், ஒருத்தன் வல்லுநர்ங்கிறான், இன்னொருத்தன் வித்தகர்ங்கிறான். அடிச்சுக்கிறானுங்க லா. எக்ஸ்பர்ட்னா என்ன, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு நீ அழகா அஞ்சு நிமிஷம் சொல்லிட்டா எல்லாரும் வாய மூடிக்குவானுங்க."

"நான் படிச்சது கெமிஸ்ட்ரி அங்கிள்."

"இங்கிலீஷ்லதானே படிச்சே? அப்புறம் என்ன?"

அவள் சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். அது அவளுடைய பழக்கம்.

கிள்ளான் நகரில் மேரு சாலைக்கு உள்ளே தள்ளி இருந்தது கமலநாதனின் ஆலை. கறித்தூள் அரைக்கும் ஆலை. மூன்று வருடமாகக் குமுதா அங்கே தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, பட்டம் வாங்கிய கையோடு வந்து சேர்ந்தவள். ஈரப்பதம் பார்ப்பாள். கலப்படம் பார்ப்பாள். ஒவ்வொரு அரைப்பிலிருந்தும் ஒரு கைப்பிடித் தூளைச் சிறு புட்டியில் இறுக மூடி, தேதி ஒட்டி, அலமாரியில் வைப்பாள். கடைக்குப் போன தூளைப் பற்றி யாராவது குறை சொன்னால் எடுத்துப் பார்க்கலாம் அல்லவா, அதற்கு.

ஆனால் தூள் வெளியே போகலாமா கூடாதா என்பதை அவளுடைய கருவிகள் முடிவு செய்யவில்லை. கமலநாதனின் மூக்கு முடிவு செய்தது.

தினமும் காலையில் முதல் அரைப்பு இறங்கியதும் அவர் வருவார். ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் தேய்ப்பார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். ஆலையே சத்தம் போடாமல் நிற்கும். பிறகு அதே கையைக் குமுதாவிடம் நீட்டி, "பாரு மா" என்பார். அவள் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். அப்போது அவர் கண் அவள் முகத்தை விட்டு நகராது. தொழில் பிடிபட்டதா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்து அவளுக்குக் காது சுடும். என்ன தோன்றுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. சற்று நேரத்தில் ஆட்களைப் பார்த்து, "போடலாம்" என்பார். எப்போதாவது, "நிறுத்து."

அவள் மனத்தில் நினைத்ததும் அவர் வாயில் வருவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலையில் அந்தப் பெருமையும் போயிற்று. பண்டமாரானிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தவர்கள், வேண்டாம் என்று அன்று காலைதான் செய்தி அனுப்பியிருந்தார்கள். 'பொண்ணு பேசவே மாட்டேங்குது' என்பது காரணம். அதைப் படித்துவிட்டு வந்து நின்றவளிடம் கமலநாதன் உள்ளங்கையை நீட்டினார். மீன் கறித்தூள். நல்ல மணமாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன, மல்லியா?" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். பாஸ் மல்லி என்றால் மல்லியாகத்தான் இருக்கும். அவருக்குத் தெரியாதா? எப்படியாவது கழிப்பறைக்கு ஓடி முகத்தைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் அப்போது.

"நிறுத்து" என்றார் கமலநாதன். "மொத்தத்தையும் கொட்டுங்க. மல்லி சரியில்ல."

மல்லி கொடுத்தவர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மொத்தக் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி. கமலநாதனுக்கு இளவயதிலிருந்து சிநேகிதர். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர்தான் பந்தி பார்ப்பார். அன்று மத்தியானம் ஜாபர் அலி நேரிலேயே வந்தார். வாசலில் லோரிக்குப் பக்கத்தில் நின்று இருவரும் பேசினார்கள். "பழைய சரக்கைக் கலந்துட்டே" என்று கமலநாதன் சொல்வதும், "என்னைப் பாத்தா அந்த வார்த்தை சொல்றே, நாதா?" என்று மற்றவர் கேட்பதும் குமுதாவின் ஜன்னல்வரை கேட்டது. அதன்பின் அவர் வரவில்லை. கமலநாதன் மூக்கு வேண்டாம் என்று சொன்ன மல்லி என்பதால் மற்ற ஆலைக்காரர்களும் அவரிடம் வாங்குவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். குமுதா தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள்: எனக்கு மூக்கு இல்லை, கெட்டுப்போன மல்லியை நல்ல மல்லி என்று நினைத்தேன்.

அப்படிப்பட்டவள்தான் இப்போது எக்ஸ்பர்ட் என்ற சொல்லைத் தேடி உட்கார்ந்தாள்.

தேடத் தேட அது அவளுக்குப் பிடித்துப்போனது. அந்தச் சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்திருந்தது. அதன் பொருள், முயன்று பார்த்தவர். சோதனைக்கு உட்பட்டுத் தேறியவர். ஆங்கிலத்தில் முதலில் அது ஆளின் பெயராக இல்லை. கைதேர்ந்த, பழகிய என்ற அடைமொழியாக இருந்தது. ஆளையே அப்படி அழைப்பது பெருவழக்கானது மிகவும் பிற்பாடு, நீதிமன்றங்களில் விஷயம் தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்கத் தொடங்கிய பிறகு. எக்ஸ்பீரியன்ஸும் எக்ஸ்பெரிமென்ட்டும் அதன் கூடப்பிறந்தவை. ஆபத்தைக் குறிக்கும் பெரில் என்ற சொல்கூட ஒரே வேர். எக்ஸ்பர்ட்டீஸ் என்பது தனியாக, பின்னால் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது ஒருவரிடம் இருக்கும் திறமை அல்ல. அவர் உட்கார்ந்து செய்து தரும் பரிசோதனை. இது அவளுக்கு ரொம்பவே பிடித்தது. திறமை ஒருவர் பையில் வைத்திருக்கும் பொருள் இல்லை, செய்யும்போது மட்டும் இருப்பது.

தமிழில் நிபுணர், வல்லுநர் எல்லாம் ஆற்றலைச் சொல்கின்றன. சோதனையைச் சொல்லவில்லை. பட்டறிவு என்று ஒரு சொல் இருக்கிறது. பட்டு அறிவது. அது கிட்டத்தட்ட வந்துவிடும் என்று தோன்றியது.

ஆனால் இவ்வளவையும் ஐந்து நிமிடம் நின்று சொல்ல அவளால் ஆகாது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எக்ஸ்பர்ட் என்றால் சோதித்துப் பார்க்கப்பட்டவர். அப்படியானால் அங்கேயே சோதித்துக் காட்டிவிடலாமே? கண்ணைக் கட்டி மூன்று கிண்ணம் நீட்டினால் பாஸ் முகர்ந்து சொல்லிவிட்டுப் போவார். கூட்டம் கைதட்டும். தான் ஒரு நிமிடம் பேசினால் போதும்.

தம்புசாமிக்கு அதைச் செய்தியாக அனுப்பினாள். அவர் குதித்தார். "சூப்பர் மா! ஷோவே இதுதான்!" சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உடனே அறிவித்துவிட்டார். 'கண்ணைக் கட்டினாலும் தப்பாத மூக்கு. ஞாயிறு காலை, அனைவரும் வருக.'

மறுநாள் கமலநாதன் அவளைக் கூப்பிட்டார். கையில் போன் இருந்தது.

"இது யாரோட ஐடியா?"

"நான்தான் பாஸ்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கண்ண எதுக்குக் கட்டணும்?"

"கலரைப் பாத்தாலே சொல்லிடலாம்ல பாஸ். கட்டினாத்தான் டெஸ்ட்."

"ஆமா" என்றார் அவர். "கட்டினாத்தான் டெஸ்ட்."

சனிக்கிழமை அரைநாள் வேலை. இயந்திரங்கள் நின்று ஆட்கள் கிளம்பியதும் ஒரு தடவை பழகிப் பார்த்துவிடலாம் என்று குமுதாதான் சொன்னாள். பொட்டலப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பவல்லி அக்கா மட்டும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதைக் கண்டாலும் சிரிக்கிறவர் அவர். தன்னுடைய துப்பட்டாவை எடுத்துக் கொடுத்து, "நல்லா இறுக்கிக் கட்டு லா, பாஸ் கள்ளத்தனமா பாப்பாரு" என்றார்.

குமுதா இறுக்கித்தான் கட்டினாள்.

முதல் கிண்ணத்தில் மிளகாய்த்தூள். மூக்கருகே வந்ததும் கமலநாதன் தும்மினார். "மிளகா" என்றார். புஷ்பவல்லி கைதட்டினார். இரண்டாவது கிண்ணத்தில் சீரகம். அவர் நீண்ட நேரம் மூச்சை இழுத்தார்.

"சோம்பு."

விளையாடுகிறார் என்று குமுதா நினைத்தாள். மூன்றாவதாகப் பெருங்காயம் எடுத்தாள். அந்தப் புட்டியைத் திறந்தாலே அடுத்த அறைக்குத் தெரியும்.

கமலநாதன் மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். அவருடைய விரல்கள் முழங்காலின்மேல் எதையோ எண்ணுவதுபோல அசைந்தன.

"இது... மல்லியா?"

குமுதா பெருங்காயத்தைக் கீழே வைத்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே திரும்பி, புஷ்பவல்லியின் சாப்பாட்டுத் தட்டிலிருந்த சம்பால் கிண்ணத்தை எடுத்தாள். பெலாச்சான் சம்பால். இறாலைப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, சுட்டு இடித்தது. தெருமுனையில் சுட்டால் தெருவே கதவைச் சாத்தும். அதைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

அவர் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.

"ஏலக்கா" என்றார் கமலநாதன்.

புஷ்பவல்லி ஓவென்று சிரித்தார். "பாஸ், ஜோக் அடிக்காதீங்க பாஸ், சோறு மூக்குல ஏறுது!" சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போனார். குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகாய் மட்டும் எப்படித் தெரிந்தது என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. காரத்தின் எரிச்சல் வேறு நரம்பு. அது மணம் அல்ல. மணம் போனவர்களுக்கும் அது தெரியும்.

 அவள் எதிரே இருந்த சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கமலநாதன் துப்பட்டாவை அவிழ்த்தார். அவள் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"சம்பாலா அது?"

"ஆமா பாஸ்."

"ஹ்ம்."

வெளியே புஷ்பவல்லி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கோவிட் வந்துச்சுல்ல எனக்கு, அப்ப போனது. ரெண்டு மாசத்துல வந்துரும்னாங்க. நாலு வருஷம் ஆச்சு. வீட்லயும் தெரியாது. லெட்சுமி என்ன சமைச்சாலும் நல்லாருக்குன்னு சொல்லிடுவேன். அவ கரண்டியோட நிக்கிற மூஞ்சியப் பாத்து பெருங்காயம் கம்மின்னு ஒருநாள் சொன்னேன். அதுவும் சரியாப் போச்சு."

"அப்ப இங்க... தினமும் எப்படி பாஸ்?"

அவர் விரலை நீட்டி அவள் முகத்தைக் காட்டினார்.

குமுதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நீ வாயே திறக்க மாட்டே" என்றார் அவர். "ஆனா உன் மூஞ்சி இருக்கே, அது ஒண்ணையும் மறைக்காது. கொஞ்சம் பூஞ்சை வாடை இருந்தா புருவம் சுருங்கும். நல்லா இருந்தா மூச்சு நீளமா போகும், உனக்கே தெரியாது. நீ வர்றதுக்கு முந்தி என்ன பாடு பட்டேன் தெரியுமா? புஷ்பாவப் பாத்துப் போட்டேன். அது எதுக்கெடுத்தாலும் சிரிக்குது. ரெண்டு லோரி சரக்கு திரும்பி வந்துச்சு."

மூன்று வருடம். எத்தனை கடைகள், எத்தனை வீட்டு அடுப்புகள். அத்தனைக்கும் போன தூள் தன்னுடைய புருவத்தைப் பார்த்துப் போயிருக்கிறது. அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே மார்ச் மாதக் காலை வந்து நின்றது. 

"பாஸ், மார்ச் மாசம் அந்த மீன் கறித்தூள்?"

"ஆமா. உன் கண்ணுல தண்ணியே வந்துச்சே. அவ்வளவு மோசமான சரக்கு. புது லோடு வந்தது மல்லி ஒண்ணுதான். கேட்டேன், நீயும் ஆமான்னு தலையாட்டினே."

"அது மல்லி இல்ல பாஸ்."

"பின்னே?"

"அது... என் சொந்த விஷயம். அன்னிக்குக் காலையில பண்டமாரான்காரங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. அதான் அழுகை வந்துச்சு. தூள் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க மல்லின்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு தலையாட்டினேன்."

கமலநாதன் எழுந்து நின்றார்.  மணம் போனதைச் சொன்னபோதுகூட அவர் முகம் இப்படி வெளுக்கவில்லை.

"நான் உன்னப் பாத்துச் சொன்னேன்."

"நான் உங்களப் பாத்துத் தலையாட்டினேன்."

இருவருக்கும் நடுவே யாருமே முகர்ந்து முடிவு சொல்லாத ஒரு மல்லி மூட்டை இருந்தது. அதற்காக ஜாபர் அலியின் பெயர் நாறிப்போயிருந்தது.

கமலநாதன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுப் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்கு மட்டும் கொஞ்சம் லூசா கட்டிவிடு மா. கீழ வழியா எனக்குத் தெரியிற மாதிரி. நீ எதிர்ல நில்லு, போதும். இத்தன பேரு இந்த ஆலையில சாப்பிடறாங்க. என் மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

"ஜாபர் அலி அங்கிள்?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

குமுதா புட்டிகளை மூடத் தொடங்கினாள். அவள் பேசாமல் இருந்ததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எப்போதும் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அவர் போனபின் அவள் அலமாரியைத் திறந்து மார்ச் மாதப் புட்டியைத் தேடினாள். மூடியைத் திருகி முகர்ந்தாள். எத்தனையோ நாள் அடைபட்டிருந்தும் மல்லி பளிச்சென்று எழுந்து வந்தது. வறுபட்ட, லேசான எலுமிச்சை வாடையோடு. ஒரு குறையும் இல்லை. அவள் புட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். இறங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கமலநாதனின் மனைவி லெட்சுமி பட்டுச்சேலையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில், கதவருகே, ஜாபர் அலி. அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. இவர் ஏன் வந்தார் என்று நினைத்தாள். வராமல் இருந்தால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்பதால் இருக்கும்.

தம்புசாமி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். குமுதாவுக்குத் தன் குரல் யாருடையதோபோல் கேட்டது.

"எக்ஸ்பர்ட்னா, முயன்று பார்த்தவர்னு அர்த்தம். சோதனையில நின்னவர். எக்ஸ்பெரிமென்ட்டும் அதே வேர்லேருந்து வந்ததுதான். எக்ஸ்பர்ட்டீஸ்ங்கிறது ஒருத்தர்கிட்ட இருக்கிற பெருமை இல்ல. அவங்க ஒவ்வொரு தடவையும் செஞ்சு காட்டுற சோதனை. அதனால..." அவளுக்கு மேலே வரவில்லை. "அதனால இப்ப சோதிச்சுப் பாக்கலாம்."

கூட்டம் கைதட்டியது. "ஷார்ட் அண்ட் ஸ்வீட்!" என்றார் தம்புசாமி.

கமலநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் துப்பட்டாவை எடுத்தாள். கட்டும்போது விரல் முடிச்சில் நின்றது. இறுக்கிக் கட்டினால் இரண்டாவது கிண்ணத்திலேயே எல்லோர் முன்னாலும் அவர் விழுந்துவிடுவார். அது அவளால் முடியவில்லை. தளர்த்தியே கட்டினாள்.

மிளகாய்க்கு அவர் நிஜமாகவே தும்மினார். கூட்டம் சிரித்தது. வெந்தயத்தைத் துணிக்குக் கீழே பார்த்துவிட்டு, நிதானமாக முகர்வதுபோல் முகர்ந்து, "வெந்தயம்" என்றார். விசில் பறந்தது. மூன்றாவது கிண்ணத்தில் அவள் பையிலிருந்து எடுத்த புட்டியைக் கவிழ்த்தாள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் தலையை லேசாகச் சாய்த்தார். நிறத்தைப் பார்த்தார்.

"மீன் கறித்தூள்."

கைதட்டல் அடங்குவதற்குள் தம்புசாமி மாலையோடு வந்துவிட்டார். "பாத்தீங்களா? இதுதான் கமலநாதன் மூக்கு!"

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு அங்கிள்" என்றாள் குமுதா.

ஒலிவாங்கி அவள் கையில்தான் இருந்தது. அதனால் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கே திக்கென்றது.

"இது மார்ச் மாசம் நாம கொட்டின லோட், பாஸ். ஒரு புட்டி எடுத்து வச்சிருந்தேன். ஜாபர் அலி அங்கிளோட மல்லி." அவள் கிண்ணத்தை இன்னும் கிட்டே நீட்டினாள். "போடலாமா, நிறுத்தணுமா?"

 துணியின் கீழ் விளிம்பில் இரண்டு கண்கள் அவள் முகத்தைப் பார்த்தன. முகத்தைச் சுவர்போல வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தாள். ஆனால் அது சொன்னபடி கேட்கவில்லை. மார்ச் மாதம்போலவே கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. அன்று அதைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னவர் இன்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அழாதே மா" என்றார் மெல்ல. அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

கமலநாதன் துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்தார். அவளிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"என்னைக் கேக்காதே. எனக்கு மணமே தெரியாது. நாலு வருஷமா."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. "பாஸ் சும்மா தமாஷ் பண்றாரு..." என்று ஆரம்பித்த தம்புசாமி, கையில் மாலையோடு அப்படியே நின்றார். முன்வரிசையில் லெட்சுமி மெதுவாக எழுந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை. அதைப் போகவிட மறந்ததுபோல் இருந்தது.

"அந்த மல்லி கெட்டுப்போகல" என்றார் கமலநாதன். "நான் முகராமலே சொன்னேன். சொன்ன வார்த்தையும் தப்பு."

"நான்தான் தலையாட்டினேன்" என்றாள் குமுதா. ஒலிவாங்கி இல்லாததால் அது மேடையைத் தாண்டவில்லை.

"அடப்பாவி, அப்ப இத்தன வருஷம் எவன் மூக்குய்யா அது?" என்று நடுவரிசையிலிருந்து ஒரு குரல். "நாலு வருஷமா நாங்க தின்னது என்ன?" என்று இன்னொன்று. நாற்காலிகள் இழுபட்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவே கடைசி வரிசையிலிருந்து ஜாபர் அலி நடந்து வந்தார். வழி விட்டவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேடை ஏறி, கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார்.

"என் மல்லிதான்" என்றார். பிறகு கையைக் குமுதாவிடம் நீட்டினார். "நீ சொல்லு பொண்ணு. உனக்கு என்ன தெரியுது?"

அவள் குனிந்தாள். இந்தத் தடவை தன் முகம் என்ன செய்கிறது என்று அவளுக்குக் கவலை இல்லை.

"நல்ல மல்லி அங்கிள்" என்றாள். "போடலாம்."

அந்த வார்த்தையைத் தீர்ப்பாக அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜாபர் அலி திரும்பி அதே உள்ளங்கையைக் கமலநாதனின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.  "ஒண்ணுமே தெரியலையா, நாதா?"

"இல்ல, பாய்."

"இவ்வளவு கிட்ட வச்சும்?"

"இல்ல."

ஜாபர் அலியின் முகத்தில் என்னவோ நடந்தது. மார்ச் மாதத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் அதில் இருந்தது. அதிர்ச்சியும் இருந்தது. வேறு எதுவோகூட இருந்தது. கமலநாதன் அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார். அதில் எதுவும் பிடிபடவில்லை போலும். பழக்கதோஷத்தில் மெல்லத் தலையைத் திருப்பிக் குமுதாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க பாஸ்" என்றாள் குமுதா. "அவரைக் கேளுங்க."